சொல்லாகவும் இருக்கும் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருக்கும் வழிகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தவை.

நான் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு ஆவணப்படம் கைக்கு வந்தது. கடலோரத்தில் கலங்கரை விளக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தின் கதை. அதில் ஒரு பாட்டி பேசுவார். எனக்கு வீடியோ தரவில்லை. வசனங்கள் மட்டும் எண் போட்டு வந்தன, எல்லாம் பெரிய எழுத்தில். காது கேளாதவர்களுக்கான கேப்ஷன்களை முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்கும் வழக்கம் ரொம்ப நாளாகவே உண்டு. அதில் ஒரு வரி, ‘ஹோப் லெஃப்ட் அஸ் தட் வின்டர்’. அடுத்த வரி, ‘ஒன்லி சிக்ஸ்’.

‘அந்தக் குளிர்காலத்தில் நம்பிக்கை எங்களை விட்டுப் போனது’ என்று எழுதினேன். அடுத்ததற்கு ‘ஆறே பேர்தான் மிஞ்சினோம்’. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

படம் வெளியான பிறகு முழுசாகப் பார்த்தேன். அந்த வரி வரும்போது பாட்டியின் கையில் ஒரு சிறுமியின் புகைப்படம் இருந்தது. ஹோப் அவருடைய மகள். ஆறு வயதில் இறந்துபோனவள். ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார், நான் அந்தப் பெயரையே அழித்துவிட்டேன். அந்த வரி இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் இதைப் படிக்கும் உங்களுக்கு, நீங்கள் மொழிபெயர்ப்பவரோ, ஆங்கிலக் கதை படிப்பவரோ, வகுப்பில் பாடம் எடுப்பவரோ, நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

எந்தப் பெயர்கள் ஏமாற்றும்

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது. எந்தெந்த வழியில் ஒரு சொல் பெயராகிறது என்று தெரிந்தால் போதும். புதுப் பெயர் எதிரில் வரும்போது மனம் தானாக எச்சரிக்கும்.

பூ, கல், மாதம் ஆகியவற்றில் வரும் பெயர்கள் எளிது. ரோஸ், லில்லி, டெய்சி, வயலட், ஐவி, ரூபி, பேர்ல், ஏப்ரல், மே, ஜூன். இவற்றில் ‘மே’ மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். அது மாதம், பெயர், ‘செய்யலாம்’ என்று அனுமதி தரும் துணைவினை என மூன்றாகவும் வரும்.

குணங்களைப் பெயராக வைப்பதுதான் என்னை மாட்டிவிட்டது. ஹோப், ஃபெய்த், கிரேஸ், ஜாய், பேஷன்ஸ், புரூடென்ஸ், மெர்சி. கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் பியூரிட்டன்கள், அதாவது மிகக் கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள், இந்த வழக்கத்தை வெகுதூரம் கொண்டுபோனார்கள். 1620இல் அமெரிக்காவுக்குப் போன மேஃபிளவர் கப்பலில் இருந்த பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். லவ் பிரூஸ்டர், ரெஸ்லிங் பிரூஸ்டர், ரிமெம்பர் அலர்ட்டன், ரிசால்வ்ட் வைட், ஹ்யூமிலிட்டி கூப்பர். அன்பு, மல்லுக்கட்டு, நினைவில்கொள், உறுதிகொண்டவன், பணிவு. நடுக்கடலில் பிறந்த ஒரு பிள்ளைக்கு ஓஷியானஸ் என்று வைத்தார்கள். 1653இல் கூடிய ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்கு அதன் உறுப்பினர் ஒருவரின் பெயரால் பேர்போன்ஸ் நாடாளுமன்றம் என்று பட்டப்பெயர் உண்டு. அவருடைய முதல் பெயர் பிரெய்ஸ்-காட், அதாவது ‘கடவுளைப் போற்று’. ஹார்வர்டுக்குத் தலைவராக இருந்த பாதிரியார் ஒருவர் இன்க்ரீஸ் மாதர். ‘பெருகு’ என்று ஒரு மனிதருக்குப் பெயர்! பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது, எந்த வினைச்சொல்லும் பெயராக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார வேண்டும்.

அப்புறம் பட்டங்கள். ஏர்ல், டியூக், பிரின்ஸ், டீன். அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்த ஏர்ல் வாரன் பிரபு அல்ல, வெறும் வாரன்தான். 1961 முதல் 1969 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த டீன் ரஸ்க்கின் பெயரில் வரும் டீன் கல்லூரிப் பதவி அல்ல. பிரின்ஸ் என்று உலகம் அறிந்த பாடகருக்குப் பிறந்தபோது வைத்த பெயரே பிரின்ஸ் ராஜர்ஸ் நெல்சன்தான். ‘இளவரசர்’ என்று எழுதினால் அவரை வேறு ஆளாக்கிவிடுவோம்.

தொழில்களின் பெயர்கள் குடும்பப் பெயராகி, பிறகு முதல் பெயராகவும் வந்துவிட்டன. ஹன்ட்டர், மேசன், கூப்பர், டெய்லர், கார்ட்டர், ஆர்ச்சர். நிலத்தின் பெயர்களும் உண்டு. கிளிஃப், டேல், கிளென், ஹீத், புரூக்.

எல்லாவற்றிலும் ஆபத்தானவை சுருக்கப் பெயர்கள். ராபர்ட் ராப் ஆவார், சூசன் சூ ஆவார், பேட்ரிக்கும் பேட்ரிஷியாவும் பேட் ஆவார்கள், ஆண்ட்ரூ ட்ரூ, நிக்கோலஸ் நிக், சார்லஸ் சக், ஆர்தர் ஆர்ட், ரேமண்ட் ரே, வில்லியம் வில் அல்லது பில். ராப் என்றால் கொள்ளையடி, சூ என்றால் வழக்குப் போடு, பேட் என்றால் தட்டிக்கொடு, ட்ரூ என்றால் வரைந்தான், சக் என்றால் தூக்கி எறி. பூப்பெயர் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடுதான் குழம்பும். இவையோ வினைச்சொல்லோடு குழம்பி வாக்கியத்தின் எலும்பையே மாற்றிவிடும். ‘சூ த கம்பெனி’ என்ற வரி கேப்ஷனில் காற்புள்ளி இல்லாமல் வந்தால், ‘கம்பெனி மீது வழக்குப் போடு’ என்பதா, ‘சூ, அந்தக் கம்பெனி…’ என்று ஒருவர் சூவிடம் பேச ஆரம்பித்து நிறுத்துகிறாரா என்பது தெரியாது.

பெயருக்கும் சொல்லுக்கும் உறவு உண்டா

இதைத் தெரிந்துகொள்வது அவசியமா என்று கேட்டால், அன்றாட வேலைக்கு அவசியமில்லை. ஆனால் ஒரு எழுத்தாளர் பெயரோடு விளையாடும்போது இது கைகொடுக்கும். எனக்கு இதில் தனிப் பிரியமும் உண்டு.

சிலது வெறும் தற்செயல். மார்க் என்ற பெயர் லத்தீன் மார்க்கஸிலிருந்து வந்தது, அதைப் போர்க்கடவுள் மார்ஸோடு சேர்த்துச் சொல்வார்கள். ‘அடையாளம்’ என்ற மார்க், எல்லையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. லான்ஸும் அப்படித்தான். பெயர் ‘நிலம்’ என்ற ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது, ஈட்டி லத்தீனிலிருந்து வந்தது.

சிலது உண்மையான உறவு. வில்லியம் என்ற ஜெர்மானியப் பெயரின் முதல் பாதிக்கு ‘விருப்பம், மன உறுதி’ என்றும் இரண்டாம் பாதிக்குத் ‘தலைக்கவசம்’ என்றும் பொருள். அதனால் வில் என்ற பெயரும் வில் என்ற சொல்லும் ஒரே வேர். ஃபிராங்க் இன்னும் அழகு. ஃபிராங்க் இனத்தவர் வென்ற நாட்டில் அவர்கள்தான் சுதந்திர மனிதர்கள். அதனால் அந்த இனப்பெயரே ‘சுதந்திரமான’ என்றாகி, பிறகு ‘ஒளிவுமறைவில்லாத’ என்றானது. யூஜீனின் சுருக்கமான ஜீன் என்ற பெயருக்கும், 1909இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் உருவாக்கிய மரபணுச் சொல்லான ஜீனுக்கும் ‘பிறப்பு’ என்ற கிரேக்க வேர் பொது. டெய்சி ‘பகலின் கண்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். ஆனால் மார்கரெட் என்ற பெண்ணை டெய்சி என்று கூப்பிடுவதும் வழக்கம், ஏனென்றால் பிரெஞ்சில் அந்தப் பூவுக்கு மார்கெரீத் என்று பெயர். மார்கரெட்டின் கிரேக்க மூலத்துக்கோ ‘முத்து’ என்று பொருள்.

மூன்றாவது வகையில் பெயர்தான் முந்தியது, சொல் பிறகு வந்தது. ராபர்ட்டின் செல்லப்பெயர் ராபின், அந்தப் பெயரைத்தான் பறவைக்குக் கொடுத்தார்கள். டாரத்தியின் செல்லப்பெயர் டால், அதிலிருந்து பொம்மைக்கு டால். ஆள் செய்கிற வேலையைச் செய்யும் கருவிகளுக்கு ஜாக் என்ற சாதாரண ஆண்பெயரை வைத்தார்கள், வண்டியைத் தூக்கும் ஜாக் அப்படி வந்ததுதான். 1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸின் கொடும்பாவிகளை ஆண்டுதோறும் எரித்தார்கள். அந்தப் பொம்மைக்குக் ‘கை’ என்று பெயர் வந்தது, பிறகு விசித்திரமாக உடுத்தியவனுக்கு, கடைசியில் எந்த ஆளுக்கும்.

படிக்கும்போது கண்டுபிடிப்பது

சரி, வேலைக்கு வருவோம். பெரிய எழுத்தை நம்பலாமா? வாக்கியத்தின் நடுவில் வந்தால் நம்பலாம், பெரும்பாலும். வாக்கியத்தின் தொடக்கத்தில் அது எதையும் சொல்லாது. பல பத்திரிகைகளின் தலைப்புகளில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் அங்கேயும் பயனில்லை. ‘கிரான்ட் ரெஃப்யூஸ்ட்’ என்று ஒரு தலைப்பு. மானியம் மறுக்கப்பட்டதா, கிரான்ட் என்பவர் மறுத்தாரா? தலைப்பை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. செய்தியைப் படித்துவிட்டுத்தான் தலைப்பை மொழிபெயர்க்க வேண்டும். நான் இப்போதெல்லாம் தலைப்பைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

சந்தேகம் வந்தால் முதலில் மாற்றுப்பெயர் போட்டுப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய சொல்லை எடுத்துவிட்டு, எந்தக் குழப்பமும் இல்லாத பெயர் ஒன்றை, உதாரணமாக எலிசபெத்தை, அங்கே வையுங்கள். ‘டு பி ஃபிராங்க் வித் யூ’ என்ற இடத்தில் எலிசபெத் உட்காரவே மாட்டார். ‘ஃபிராங்க் டோல்ட் மீ’ என்ற இடத்தில் சுகமாக உட்காருவார். ‘மார்க் மை வேர்ட்ஸ்’ வந்தால் எலிசபெத்தை வைத்த உடனே வாக்கியம் உடையும், ஆகவே அது ‘நான் சொல்வதைக் குறித்துக்கொள்’ என்பதுதான்.

ஆனால் இந்தச் சோதனை என்னைக் காப்பாற்றியிருக்காது. ‘ஹோப் லெஃப்ட் அஸ்’ என்ற இடத்தில் எலிசபெத்தும் பொருந்துவார், நம்பிக்கையும் பொருந்தும். இப்படி இரண்டும் பொருந்தினால் அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதில் பலனில்லை. முன்னும் பின்னும் ஐந்து வரி போங்கள். ஒரு ‘ஷீ’, ஒரு ‘ஹெர்’, ஒரு வயது, ஒரு உறவுமுறை, எங்காவது ஒன்று கிடைக்கும். எனக்கு ‘ஒன்லி சிக்ஸ்’ கிடைத்தது. முதல் வரியைத் தவறாக முடிவு செய்துவிட்டதால் அதையும் வளைத்துக்கொண்டேன். ஒரு வரியின் மொழிபெயர்ப்பு அடுத்த வரியை நெருடலாக்கினால், அடுத்த வரியைச் சரிக்கட்டாதீர்கள். முந்தைய வரிக்குத் திரும்புங்கள். இந்த முழு வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வினையின் வடிவத்தையும் பாருங்கள். துணைவினை வில்லுக்குப் பின் வரும் வினை மாறாமல் இருக்கும், ‘வில் கோ’. பெயர் வில்லுக்குப் பின் நிகழ்கால வினை ஒருமை விகுதி ஏற்கும், ‘வில் கோஸ்’. சொல்லுக்கு முன் ‘எ’ அல்லது ‘த’ வந்தால் அநேகமாகச் சாதாரணச் சொல். அநேகமாக என்கிறேன், ஏனென்றால் ‘த கிரேஸ் ஐ நியூ’ என்றால் ‘எனக்குத் தெரிந்த கிரேஸ்’. மனிதர் மாறிப்போனதைச் சொல்லும் இடங்களில் பெயருக்கு முன்னாலும் ‘த’ வரும்.

ஒலி கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். பேச்சில் துணைவினை வில் தேய்ந்து கிட்டத்தட்ட வெறும் ‘ல்’ ஆகிவிடும், பெயர் வில் அழுத்தமாக வரும். விளிப்பாக இருந்தால் பெயருக்குப் பின் ஒரு சின்ன இடைவெளி கேட்கும். காற்புள்ளியை விட அந்த இடைவெளியை நான் அதிகம் நம்புகிறேன். வீடியோ தராமல் வசனம் மட்டும் கொடுத்தால், இப்போது நான் கேட்டு வாங்குகிறேன். அது கிடைக்காத வேலையில், சந்தேகமான வரிகளை எண்ணோடு எழுதி, வேலை கொடுத்தவருக்குக் கேள்வியாக அனுப்புகிறேன்.

தமிழில் பெரிய எழுத்து எங்கே இருக்கிறது

தமிழில் பெரிய எழுத்து இல்லையே, பெயரை எப்படிக் காட்டுவது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடலாமா என்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு முறையும் குறிக்குள் வரும் பெயர், சொல்பவர் அதைச் சந்தேகிப்பதுபோல் இருக்கும்.

நம்மிடம் உயர்திணை, அஃறிணை இருக்கிறது. ‘பில் வந்தது’ என்றால் காகிதம், ‘பில் வந்தார்’ என்றால் மனிதர். ஆங்கிலம் பெயரின் முதல் எழுத்தில் வைக்கும் அடையாளத்தைத் தமிழ் வாக்கியத்தின் கடைசியில், வினைமுற்றில் வைத்திருக்கிறது. ‘ரோஸ் உதிர்ந்தது’, ‘ரோஸ் அழுதாள்’. இதைவிடத் தெளிவு தேவையில்லை.

வேற்றுமை உருபுகளிலும் இது உண்டு. ‘ரோஸ் பார்த்தேன்’ என்று பூவைச் சொல்லலாம். ஆளாக இருந்தால் ‘ரோஸைப் பார்த்தேன்’ என்றுதான் வர வேண்டும், ஐ விட்டுப்போகாது. பொருளுக்கு ‘இல்’ வரும், மனிதருக்கு ‘இடம்’ வரும். ‘கிரேஸிடம் ஒரு தயக்கம் தெரிந்தது’ என்று எழுதிவிட்டால், கிரேஸ் ஒரு பெண் என்று படிப்பவருக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஆணா, பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். ராபின், பேட், டேல், ட்ரூ, டெய்லர் எல்லாம் இரு பாலருக்கும் வரும். கேரல் பெண்பெயர் என்று நினைப்போம். ஆனால் திரைப்பட இயக்குநர் கேரல் ரீட் ஆண், ருமேனியாவில் கரோல் என்று அதே எழுத்துகளில் மன்னர்களே இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஜீன் என்று பெண்ணுக்கு எழுதும் அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் ஆணுக்கு வைத்து ழான் என்பார். தெரியாவிட்டால் ‘ஆர்’ விகுதி போட்டு மரியாதையாக நகர்ந்துவிடலாம். ஆனால் குழந்தையை ‘வந்தார்’ என்று எழுத முடியாது, அங்கே தேடித்தான் ஆக வேண்டும்.

முதன்முறை பெயர் வரும் இடத்தில் ஒரு உறவுச்சொல்லைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. ‘என் தங்கை ஜாய்’, ‘பக்கத்து வீட்டு ராப்’. ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு வெறும் பெயரே போதும். சப்டைட்டிலில் இடம் இருக்காது என்பார்கள், உண்மைதான். அந்த ஒரு சொல்லுக்காக வேறு எதையாவது சுருக்குங்கள்.

பெயர் தமிழ்ச் சொல்லாகிவிட்டால்

ஆங்கிலச் சொல்லோடு மோதும் பெயரைச் சமாளித்து தமிழுக்குக் கொண்டுவந்தால், இங்கே வேறு ஒன்று காத்திருக்கும். வில் தமிழில் அம்பு எய்யும் வில். கை உடம்பின் கை. பால் என்ற பெயர் குடிக்கும் பால். இலங்கையில் போல் என்று எழுதுகிறார்கள், அது உவமை உருபோடு மோதும். நெல் என்ற பெண் வயலில் விளையும் நெல், அவளையே செல்லமாக நெல்லி என்றால் காய். கோல் கம்பு ஆகிறது. ஈலை என்று உச்சரிக்க வேண்டிய பெயரை எழுத்துக்கூட்டி எழுதினால் எலி ஆகிவிடும், ஒரு மனிதருக்கு அது எவ்வளவு அவமரியாதை! உச்சரிப்பைக் கேட்காமல் எழுதவே கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நம் எழுத்தில் ‘பல்’ என்பதில் வரும் ப-வுக்கும் ‘அம்பு’ என்பதில் வரும் மெல்லிய ப-வுக்கும் ஒரே வடிவம் என்பதால், ஆங்கிலத்தில் மோதாதவையும் இங்கே மோதும். பென் என்ற ஆளும் எழுதும் பேனாவும் ஒன்றாகின்றன. பேட் என்ற ஆளும் கிரிக்கெட் மட்டையும் ஒன்றாகின்றன. ஜீன் என்ற ஆண், ஜீன் என்ற பெண், மரபணு மூன்றும் ஒரே எழுத்து.

இதற்கு எனக்குத் தெரிந்த வழிகள் சில. எழுவாயாக வரும்போது வினைமுற்று காப்பாற்றும், ‘நெல் சிரித்தாள்’. ஐ உருபு சேரும் இடம்தான் மோசம். ‘வில்லை எடுத்தேன்’, ‘நெல்லைத் தேடினேன்’ என்று வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு அவரை எழுவாயாக்கிவிடுவேன், அல்லது அந்த இடத்தில் ‘அவளை’ என்பேன். குடும்பப் பெயர் தெரிந்தால் முதல் சில இடங்களில் சேர்த்துக்கொள்வேன். கை என்ற பெயர் தனியாக வந்தால் ‘கய்’ என்று எழுதுகிறேன், கண்ணுக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தாலும் கை தெரியாது. பிரெஞ்சுக்காரராக இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை, அங்கே அது கீ.

வில்லை வில்லியம் ஆக்கிவிடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். செய்யாதீர்கள். அம்மா கூப்பிடும் பெயரும் அலுவலகம் கூப்பிடும் பெயரும் ஒன்றல்ல. கதையில் அவன் மேல் கோபம் வரும்போது மட்டும் அம்மா ‘வில்லியம்’ என்பாள், நீங்கள் முதலிலேயே அதைச் செலவழித்துவிட்டால் அந்த இடத்தில் கையில் எதுவும் இருக்காது.

விவிலியப் பெயர்கள் தனி. தமிழ் விவிலியத்தில் மார்க் மாற்கு, பால் பவுல், ஈவ் ஏவாள். விவிலியத்து மனிதர்களுக்கு அவற்றையே எழுதுங்கள். இன்றைய மார்க்குக்கு மாற்கு என்று எழுதினால், அவர் திடீரென்று நற்செய்தி எழுதியவர்போல் ஆகிவிடுவார்.

பெயரை எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்திருந்தால்

பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். பொருள் தேவைப்படும் இடமும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 135ஆம், 136ஆம் சானெட்டுகளில், அதாவது பதினான்கு வரிக் கவிதைகளில், வில் என்ற சொல் ஆசையாகவும் பெயராகவும் திரும்பத் திரும்ப வருகிறது, 136ஆவது ‘என் பெயர் வில்’ என்று சொல்லித்தான் முடிகிறது. அங்கே பெயரை மட்டும் கொண்டுவந்தால் கவிதை போய்விடும், பொருளை மட்டும் கொண்டுவந்தால் ஆள் போய்விடுவார்.

நான் செய்வது, பொருளைப் பெயரின் பக்கத்தில் ஒரே ஒருமுறை, இயல்பாகப் பேச்சில் கலந்து வைப்பது. பேஷன்ஸ் என்ற பெண் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போகும் கதை என்று வையுங்கள். ‘பொறுமை என்று அர்த்தம் வரும்படி அப்பா எனக்குப் பேஷன்ஸ் என்று வைத்தார்’ என்று அவள் வாயாலேயே ஆரம்பத்தில் ஒரு வரி வந்துவிட்டால், நூறு பக்கம் கழித்து ‘என் பெயருக்கு நான் பொருத்தமில்லை’ என்று அவள் சொல்லும்போது படிப்பவருக்குப் புரியும். மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், சேர்ப்பது சரியா என்று ஆசிரியரையோ பதிப்பாளரையோ கேட்டுவிடுவேன்.

ஆனால் எல்லாப் பெயரிலும் பொருளைத் தேடாதீர்கள். ஒரு கதையில் ஹன்ட்டர் என்று ஒருவன் வந்தால் அவன் வேட்டைக்காரனாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது வேட்டையை நினைப்பதில்லை. நாம் மலர் என்ற தோழியைக் கூப்பிடும்போது பூவை நினைப்பதில்லை அல்லவா, அது மாதிரி. பெயரின் பக்கத்திலேயே அதே சொல் சாதாரணப் பொருளில் வருகிறதா, பாத்திரங்களே அதைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சில இடங்களில் தமிழே உதவிக்கு வரும். ‘வில் லெஃப்ட் எ வில்’ என்று ஒரு வரி வந்தது. ‘வில் உயில் எழுதி வைத்திருந்தார்’ என்று எழுதினேன். உயில் என்பதே ஆங்கில வில் தமிழுக்கு வந்து எடுத்த வடிவம்தான். அந்தப் பழைய உறவு அந்த வரியில் தானாகவே ஒலித்தது.

கணினியில் செய்யும்போது

இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலை இப்போது நிறைய வருகிறது. ஒரே ஆள் ஒரு வரியில் கிரேஸ் என்றும் இன்னொரு வரியில் கருணை என்றும் வந்ததை நான் திருத்தியிருக்கிறேன். தமிழை மட்டும் படித்தால் கருணை ஒரு தவறு என்றே தோன்றாது, வாக்கியம் அழகாகவே நிற்கும். அதனால் திருத்தத் தொடங்கும் முன் மூலத்தில் பெயர்களைத் தேடி ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். என் பட்டியலில் பெயர், அவர் யார், ஆணா பெண்ணா, உச்சரிப்பு, தமிழ் எழுத்து, எழுத்தாளர் பொருளோடு விளையாடுகிறாரா என்று ஆறு கட்டங்கள் இருக்கும்.

மொத்தமாகத் தேடி மாற்றும் வசதியைத் தமிழ்க் கோப்பில் பெயருக்குப் பயன்படுத்தவே கூடாது. ‘மார்க்’கை ‘மாற்கு’ ஆக்கினால் மார்க்கெட் ‘மாற்குகெட்’ ஆகும், மார்க்கம் ‘மாற்குகம்’ ஆகும். முழுச்சொல் மட்டும் என்று கட்டளை கொடுத்தால், உருபு ஒட்டிய மார்க்கை, மார்க்குக்கு, மார்க்கிடம் எல்லாம் மாறாமல் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி. ஆங்கிலக் கோப்பில் தேடும்போது பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும்படி வைத்தால் ஓரளவு வடிகட்டலாம், வாக்கியத் தொடக்கங்களை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த ஆவணப்படத்தின் கோப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பாட்டியின் அந்த வரியில் இரண்டு பொருளும் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். நம்பிக்கை என்று பெயர் வைத்த பிள்ளை போனபோது வேறு எதுவும் சேர்ந்து போனதா என்பது அவருக்குத்தான் தெரியும், அதை நான் தமிழில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. திருத்தி எழுதிய இரண்டு வரி இவ்வளவுதான்:

‘அந்தக் குளிர்காலத்தில் என் மகள் ஹோப் போய்விட்டாள்.’

‘ஆறு வயசுதான்.’